மின்னஞ்சல் இரகசியம்: திறவுகோல் யாருடையது?

சென்னையில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி 13 தனியார் பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் விடுக்கும் மின்னஞ்சல்கள் வந்தன. பெற்றோர் பதறியடித்துக்கொண்டு பள்ளி வாசல்களில் திரண்டனர். சோதனையில் வெடிபொருள் எதுவும் கிடைக்கவில்லை. மிரட்டல் புரளி என்பது தெரியவந்தது.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட புரோட்டான் மெயில் என்ற சேவையின் வழியாக அவை அனுப்பப்பட்டிருந்தன. தமிழ்நாடு காவல்துறையின் கோரிக்கையின் பேரில் அந்தச் சேவையையே இந்தியாவில் முடக்க மத்திய அரசு முற்படுவதாக அதே மாதத்தில் இந்தியப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. சுவிட்சர்லாந்து அதிகாரிகள் இந்தியத் தரப்புடன் தொடர்புகொண்டதை அடுத்து அப்போது அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை.

ஓராண்டு கழித்து, 2025 ஏப்ரல் இறுதியில், தனியார் நிறுவனம் ஒன்றின் பெண் ஊழியர்களைக் குறிவைத்து ஆபாச மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்ட வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் புரோட்டான் மெயிலை முடக்குவதற்கான நடவடிக்கையைத் தொடங்குமாறு மத்திய அரசுக்கு அது உத்தரவிட்டது.

இந்தச் சர்ச்சைகளின் பின்னணியில் ஓர் எண்ணம் இருந்தது. சுவிஸ் வங்கிக் கணக்கைப் போல சுவிஸ் மின்னஞ்சலும் எவராலும் திறக்க முடியாத பெட்டி என்பதே அது. அச்சுறுத்தலுக்கு உள்ளானவர்கள் அந்தப் பெட்டியை நம்புகிறார்கள்; காவல்துறையினர் அதைக் கண்டு சலிப்படைகிறார்கள். இரு தரப்பினரின் எண்ணமும் பாதியளவே சரியானது.

சென்னைப் பள்ளிகளுக்கு வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டால், அவை பள்ளிகளின் வழக்கமான மின்னஞ்சல் முகவரிகளுக்கு வந்து, அங்கே சாதாரணமாகத் திறந்து படிக்கப்பட்டன. அதாவது அவற்றின் உள்ளடக்கம் எவரிடமிருந்தும் மறைக்கப்படவில்லை. மறைந்திருந்தது அனுப்பியவரின் அடையாளம் மட்டுமே. கடிதத்தின் உள்ளடக்கத்தை மறைப்பதும் அதை எழுதியவர் யார் என்பதை மறைப்பதும் வெவ்வேறு காரியங்கள். இவ்விரண்டில் முதலாவதையே சங்கேதமாக்கும் மென்பொருள் செய்கிறது. அதையும்கூட, பெறுபவரின் திறவுகோல் சரியான முறையில் பெறப்பட்டிருந்தால் மட்டுமே செய்கிறது.

பூட்ட ஒன்று, திறக்க ஒன்று

யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு குடும்பம், சுவிட்சர்லாந்தில் புகலிடம் கோரியுள்ள தன் மகனுக்காக, பெர்ன் நகரிலுள்ள வழக்கறிஞருக்குக் காவல்நிலைய ஆவணம் ஒன்றை அனுப்ப விரும்புவதாக வைத்துக்கொள்வோம். அத்தகைய கடிதம் பிறர் கையில் சிக்கினால் நேரக்கூடியது கற்பனையான ஆபத்தல்ல. சுவிட்சர்லாந்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள் இருவர் இலங்கை சென்றடைந்ததும் கைது செய்யப்பட்டதை அடுத்து, 2013ஆம் ஆண்டில் இலங்கையருக்கான நாடு கடத்தல்களை சுவிட்சர்லாந்து இடைநிறுத்த வேண்டியிருந்தது.

பழைய சங்கேத முறைகளில், எழுதுபவரும் படிப்பவரும் ஒரே இரகசியச் சொல்லை முன்கூட்டியே பகிர்ந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் பெர்னுக்கும் இடையே அந்தச் சொல்லை எப்படிப் பாதுகாப்பாக அனுப்புவது என்பதே முதல் சிக்கலாகிவிடும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கணிதவியலாளர்கள் வெளியிட்ட பொதுத் திறவுகோல் முறை இந்த முடிச்சை அவிழ்த்தது.

இம்முறையில் ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரு ஜோடித் திறவுகோல்களை உருவாக்கிக்கொள்கிறார். அவற்றில் ஒன்று பொதுத் திறவுகோல். அதைக் கொண்டு பூட்ட மட்டுமே முடியும் என்பதால் ஊரறியக் கொடுக்கலாம். மற்றது தனித் திறவுகோல். திறக்க வல்லது அது ஒன்றே. உரியவரின் கணினியை விட்டு அது வெளியேறக் கூடாது. வழக்கறிஞரின் பொதுத் திறவுகோலால் பூட்டப்பட்ட ஆவணத்தை அனுப்பிய குடும்பத்தாலேயே மறுபடி திறக்க இயலாது. தமக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றால், தங்கள் பொதுத் திறவுகோலாலும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இன்றைய மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

பாமர மக்களும் பயன்படுத்தும் வகையில் இந்த முறையை மென்பொருளாக்கியவர் அமெரிக்கரான ஃபில் சிம்மர்மன். 1991ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பிஜிபி என்ற மென்பொருள் எல்லை கடந்து பரவியதால், ஆயுத ஏற்றுமதி விதிகளை மீறினாரா என்று அமெரிக்க அரசு அவரை விசாரித்தது. 1996இல் அந்த விசாரணை வழக்கின்றிக் கைவிடப்பட்டது. மென்பொருளை ஏற்றுமதி செய்யத் தடை இருந்தபோதிலும் புத்தகத்துக்குத் தடை இல்லை என்பதால், அதன் நிரல் முழுவதும் அச்சிடப்பட்டுப் புத்தகமாகவே வெளியான வேடிக்கையும் இடையில் நடந்தது.

படித்தவர்களும் தடுமாறிய இடம்

மென்பொருளின் கணிதம் இன்றளவும் வலுவாகவே இருக்கிறது. இடறல் அதைப் பயன்படுத்தும் மனிதர்களிடம் இருந்தது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான அல்மா விட்டனும் டக் டைகரும் மின்னஞ்சல் பயன்படுத்தத் தெரிந்த 12 பேரிடம் பிஜிபி மென்பொருளைக் கொடுத்து, 90 நிமிடங்களுக்குள் ஓர் இரகசியக் கடிதத்தை அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரே அதைச் சரியாகச் செய்தனர். மூவர் இரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டனர். ஏழு பேர், பெறுபவரின் பொதுத் திறவுகோலால் பூட்டுவதற்குப் பதிலாகத் தம் சொந்தத் திறவுகோலால் பூட்டினர்.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் இரகசியங்களை வெளிக்கொணர்ந்த எட்வர்ட் ஸ்னோடெனும் இதே சுவரில் முட்டிக்கொண்டார். 2012 டிசம்பரில் அவர் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டைப் பெயர் மறைத்துத் தொடர்புகொண்டு, பிஜிபியை நிறுவிக்கொள்ளுமாறு வேண்டினார். கிரீன்வால்ட் அதைச் செய்யாமல் நாட்களைக் கடத்தினார். பொறுமையிழந்த ஸ்னோடென், சங்கேத மென்பொருளில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருந்த ஆவணப்பட இயக்குநர் லாரா போய்ட்ரஸை நாடினார்.

அதற்குப் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் 2020ஆம் ஆண்டு முதல் இந்த வசதி உள்ளிணைக்கப்பட்டுள்ளது. அதற்கு முன் எனிக்மெயில் என்ற துணைநிரலையும் ஜெர்மானியரான வெர்னர் கோக் உருவாக்கிய குனு பிரைவசி கார்ட் மென்பொருளையும் தனித்தனியே நிறுவ வேண்டியிருந்தது. இப்போது கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று, புதிய திறவுகோலை உருவாக்கும்படி கட்டளையிட்டால் ஓரிரு நிமிடங்களில் ஜோடி தயாராகிவிடும். மூன்றாண்டுகளில் காலாவதியாகும் வகையில் அது தாமாகவே அமைக்கப்படுகிறது, தேவைப்பட்டால் நீட்டித்துக்கொள்ளலாம்.

அந்த நிமிடமே செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தனித் திறவுகோலின் பிரதியொன்றைக் கடவுச்சொல்லால் பூட்டி, கணினிக்கு வெளியே ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துவதே அது. கணினி பழுதாகித் தனித் திறவுகோல் தொலைந்தால், அதுவரை வந்த சங்கேதக் கடிதங்கள் அனைத்தும் தொலைந்தவையே. மீட்டுத்தர எந்த நிறுவனமும் இல்லை.

திறவுகோலைத் தேடிப் பெறுதல்

இனித்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. வழக்கறிஞரின் பொதுத் திறவுகோல் குடும்பத்தின் கைக்கு வந்து சேர வேண்டும். அது இரகசியமானதல்ல என்பதால் எவர் வேண்டுமானாலும் தரலாம். ஆனால் எவர் வேண்டுமானாலும் தரலாம் என்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது.

1990களிலிருந்து இதற்காகத் திறவுகோல் சர்வர்கள் இயங்கின. தொலைபேசி விவரப் புத்தகம் போல, பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ கொடுத்தால் உரிய பொதுத் திறவுகோலை அவை தரும். எந்த அரசும் வற்புறுத்தி ஒருவரின் திறவுகோலை நீக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒருமுறை சேர்த்ததை ஒருபோதும் அழிக்காத வகையில் அவை வடிவமைக்கப்பட்டன. உலகெங்குமுள்ள சர்வர்கள் தமக்குள் பட்டியலைப் பரிமாறிக்கொண்டன.

ஆனால் திறவுகோலைச் சேர்ப்பவர் யார் என்று அவை கேட்கவில்லை. பெர்ன் வழக்கறிஞரின் பெயரையும் முகவரியையும் இட்டு வேறொருவர் ஒரு திறவுகோலை உருவாக்கி அதில் சேர்த்துவிட முடியும். அதை நம்பி எடுத்துப் பூட்டினால், கடிதத்தைத் திறக்க முடிந்தவர் வழக்கறிஞர் அல்ல, அந்த வேறொருவர். அவர் இடைவழியில் கடிதத்தைக் கைப்பற்றக் கூடிய இடத்திலும் இருந்தால், திறந்து படித்துவிட்டு, வழக்கறிஞரின் உண்மையான திறவுகோலால் மீண்டும் பூட்டி அனுப்பிவிடலாம். இரு முனைகளிலும் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

அழிக்க முடியாத அந்தப் பட்டியல் 2019 ஜூன் மாதத்தில் தன் எடையாலேயே சரிந்தது. இத்துறையில் அறியப்பட்ட இருவரின் திறவுகோல்களில், ஏராளமான போலிச் சான்றொப்பங்களை விஷமிகள் சேர்த்துவிட்டனர். அவற்றைத் தரவிறக்கியவர்களின் மென்பொருள் திணறி நின்றது. சேர்த்ததை நீக்கும் வழி அந்த அமைப்பில் இல்லாததால், சர்வர்களை நடத்தியவர்கள் செய்வதறியாது நின்றனர். பழைய சர்வர்களை ஒரே முகவரியின் கீழ் இணைத்திருந்த சேவை 2021இல் முடிவுக்கு வந்தது.

அதே 2019 ஜூனில் தொடங்கப்பட்ட கீஸ் டாட் ஓபன்பிஜிபி டாட் ஓஆர்ஜி என்ற சர்வர், முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அனுப்பி, அதற்கு உரியவர் ஒப்புதல் தந்த பிறகே அந்த முகவரியுடன் திறவுகோலை வெளியிடுகிறது. இன்னொரு வழியில், மின்னஞ்சல் முகவரியின் பிற்பகுதியில் உள்ள இணையத் தளமே தன் பயனாளர்களின் திறவுகோல்களை வழங்குகிறது. தண்டர்பேர்ட் இவ்விரு வழிகளிலும் தேடித் தருகிறது.

கிடைத்த திறவுகோலை ஏற்கும் முன் அந்த மென்பொருள் கேட்கும் கேள்வி கவனிக்கத்தக்கது. இதை நிராகரிக்கிறீர்களா, பிறகு முடிவு செய்வீர்களா, சரிபார்க்காமலே ஏற்கிறீர்களா, நேரில் சரிபார்த்து ஏற்கிறீர்களா என்று அது வினவுகிறது. பெரும்பாலோர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகர்வார்கள். அன்றாடக் கடிதங்களுக்கு அது போதுமானது. புகலிட ஆவணத்துக்குப் போதாது.

சரிபார்ப்பதற்கு உதவுவது கைரேகை எனப்படும் குறியீடு. பரவலாகப் புழங்கும் வடிவத்தில் அது 40 குறிகளைக் கொண்டது. சுழியம் முதல் ஒன்பது வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்து, நான்கு நான்காகப் பத்துத் தொகுதிகளாக அது திரையில் தெரியும். திறவுகோலில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் தம் திரையில் உள்ளதை வாசிக்க, குடும்பத்தினர் தம் திரையில் உள்ளதுடன் ஒப்பிட வேண்டும். இதற்கு இரண்டு நிமிடங்கள்கூடப் பிடிக்காது.

தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டால் என்ன ஆகும் என்ற ஐயம் எழலாம். கைரேகை இரகசியமல்ல என்பதால் அதை எவர் கேட்டாலும் தீங்கில்லை. வாசிப்பது உண்மையிலேயே அந்த வழக்கறிஞர்தானா என்பதை அறிவதே முக்கியம். ஏற்கெனவே பழகிய குரல், அலுவலகத்தின் அறியப்பட்ட எண், மகன் நேரில் சென்று வாங்கிவந்த முகவரி அட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உதவும். கைரேகையைத் திறவுகோல் வந்த அதே மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்கினால் சரிபார்த்ததாகாது.

எல்லாவற்றையும் சேவையே செய்துவிட்டால்

இத்தனை சிரமங்களையும் பயனாளரின் கண்ணிலிருந்து மறைத்ததே புரோட்டான் மெயிலின் வெற்றி. சேர்ன் அணு ஆராய்ச்சி மையத்தில் அறிமுகமான இளம் அறிவியலாளர்கள் 2014ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். அங்கே கணக்குத் தொடங்கும்போதே பயனாளரின் கருவியில் திறவுகோல்கள் உருவாகின்றன. தனித் திறவுகோல் கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட நிலையில் நிறுவனத்தின் சர்வரில் வைக்கப்படுகிறது. ஒரு புரோட்டான் பயனாளர் இன்னொருவருக்கு எழுதினால், பெறுபவரின் பொதுத் திறவுகோலை நிறுவனமே எடுத்துத் தந்துவிடுகிறது.

வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் திறவுகோலைத் தருவதும் கடிதத்தைச் சுமப்பதும் ஒரே நிறுவனம் என்றால், அது தவறான திறவுகோலைத் தராது என்ற நம்பிக்கையின் மீதே அனைத்தும் நிற்கிறது. புரோட்டான் நிறுவனமும் இதை உணர்ந்தே, தொடர்பில் உள்ளவரின் திறவுகோலைப் பயனாளர் தாமே சரிபார்த்து உறுதிசெய்து வைத்துக்கொள்ளும் வசதியை வழங்குகிறது. தன் மென்பொருள்களின் மூல நிரலையும் அது வெளியிட்டிருக்கிறது.

இந்த நம்பிக்கை எவ்வளவு விலைபோகும் என்பதற்குச் சுவிட்சர்லாந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சுவீடனைச் சேர்ந்த போரிஸ் ஹாகெலின் 1952ஆம் ஆண்டில் சுக் நகரில் தொடங்கிய கிரிப்டோ ஏஜி நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் அரசுகளுக்குச் சங்கேதக் கருவிகளை விற்றது. நடுநிலை நாட்டின் தயாரிப்பு என்பதே அதன் மிகப்பெரிய விளம்பரம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருங்கே அதன் வாடிக்கையாளர்கள்.

அந்த நிறுவனத்தை 1970ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் இரகசியமாக விலைக்கு வாங்கியிருந்தன என்பதை வாஷிங்டன் போஸ்ட் நாளேடும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து தொலைக்காட்சி நிறுவனங்களும் 2020 பிப்ரவரியில் அம்பலப்படுத்தின. தாங்கள் எளிதில் உடைத்துப் படிக்கும் வகையில் பலவீனமாக்கப்பட்ட கருவிகளையே உளவுத்துறைகள் விற்றுவந்தன. இதை அறியாத விற்பனைப் பிரதிநிதி ஒருவர் 1992இல் டெஹ்ரானில் கைதாகி ஒன்பது மாதங்கள் சிறையிலிருந்தார். சுவிட்சர்லாந்து உளவுத்துறைக்கு இவ்விவகாரம் 1993 முதல் தெரியும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கண்காணிப்புக் குழு 2020 நவம்பரில் தன் அறிக்கையில் கூறியது.

கிரிப்டோ ஏஜி கருவிகளின் உள்ளே நடப்பதை வாங்கியவர்களால் பிரித்துச் சோதிக்க முடியவில்லை. மூல நிரல் வெளியிடப்பட்ட மென்பொருள்களில் அந்தச் சோதனையை எவரும் செய்யலாம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இரண்டும் சுவிஸ் தயாரிப்புகள்தானே என்று ஒப்பிடுவது நியாயமாகாது. சுவிஸ் தயாரிப்பு என்பதற்காகவே நம்புவதும் அப்படித்தான்.

உறையின் மேல் எழுதப்பட்டவை

திறவுகோல் சரியாக இருந்தாலும் மறையாதவை சில உண்டு. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்ற விவரங்கள் தபால் உறையின் மேலுள்ள முகவரியைப் போல வெளியே தெரிபவை. புரோட்டான் மெயில் உள்ளிட்ட பல சேவைகளில் கடிதத்தின் தலைப்பு வரியும் இரு முனைகளுக்கிடையே சங்கேதமாக்கப்படுவதில்லை. பெர்னுக்குச் செல்லும் கடிதத்தின் தலைப்பில் மகனின் பெயரையும் வழக்கு எண்ணையும் எழுதினால், பூட்டிய பெட்டியின் மேல் உள்ளிருப்பதை எழுதி ஒட்டியதாகும்.

2021 செப்டம்பரில் இதன் விளைவு வெளிச்சத்துக்கு வந்தது. பாரிஸ் நகரில் கட்டடங்களை ஆக்கிரமித்துப் போராடிய காலநிலை ஆர்வலர்கள் குறித்து பிரெஞ்சுக் காவல்துறை, யூரோபோல் வழியாக சுவிட்சர்லாந்தின் உதவியை நாடியது. சுவிட்சர்லாந்து அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, குறிப்பிட்ட கணக்கின் ஐபி முகவரியைப் பதிவு செய்து புரோட்டான் ஒப்படைத்தது. கடிதங்களைத் திறந்து காட்ட அதனால் இயலவில்லை. ஐபி முகவரிகளைத் தான் பதிவு செய்வதில்லை என்று பொருள்படத் தன் இணையதளத்தில் எழுதியிருந்த வாசகத்தை நிறுவனம் பின்னர் மாற்றியமைத்தது.

சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 271ஆம் பிரிவின்படி, அந்நாட்டு நிறுவனம் எதுவும் வெளிநாட்டுக் காவல்துறைக்கு நேரடியாகத் தகவல் தர முடியாது. சென்னையிலிருந்து செல்லும் கோரிக்கையும் சுவிட்சர்லாந்து அதிகாரிகள் வழியாகவே செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும் கோரிக்கைகள் வீணாவதில்லை; ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உத்தரவுகளுக்கு இணங்கியதாகப் புரோட்டான் தன் அறிக்கைகளில் தெரிவித்திருக்கிறது.

இந்தச் சட்டச் சூழலும் நிலையானதாக இல்லை. மின்னஞ்சல் சேவைகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களாகக் கருதப்பட மாட்டா என்று சுவிஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆனால் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து அரசு, 5,000க்கு மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட இணையச் சேவைகள் தம் பயனாளர்களை அடையாளம் காண வேண்டும் என்பது உள்ளிட்ட புதிய விதிகளை முன்மொழிந்தது. மே மாதம் வரை நடந்த கருத்துக்கேட்பில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. சட்ட நிலை தெளிவற்றிருப்பதைக் காரணம் காட்டி, தன் கட்டமைப்புகளைச் சுவிட்சர்லாந்துக்கு வெளியே நகர்த்தத் தொடங்கியிருப்பதாக அதே ஆண்டு ஜூலையில் புரோட்டான் அறிவித்தது.

தனித் திறவுகோலைத் தன் கணினியிலேயே வைத்திருக்கும் யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு இதனால் எதையும் இடம் மாற்ற வேண்டிய தேவை இல்லை. வழக்கறிஞர் வேறு சேவைக்கு மாறினால், அவருடைய புதிய பொதுத் திறவுகோலை மீண்டும் தேடிப் பெற்று, மீண்டும் ஒருமுறை பெர்னுக்குத் தொலைபேசி எடுத்து அந்த 40 குறிகளையும் ஒப்பிட வேண்டியிருக்கும்.